சிந்துவெளி முத்திரைகள் இனங்காணப்பட்ட வரலாறு

கிணறு வெட்டுவோரும் வீட்டுக்கு அத்திவாரம் தோண்டுவோரும் மண்வெட்டியிற் பட்ட கல்லை ஒதுக்கி எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்வது வழக்கம். அக்கல்லில் விலங்கின் உருவமோ எழுத்தை ஒத்த கீறலோ இருப்பின் மட்டும் ஒரு கணம் நின்று நோக்குவர். அயலாரை அழைத்துக் காட்டுவர். இது யாது, இதனைச் செய்தோர் யாவர், இஃது எக்காலத்தது என்னும் மூன்று வினாக்களும் அப்பொழுதே தோன்றிவிடும். விடைகள் அவ்வளவு விரைவில் வருவதில்லை. பஞ்சாப் நாட்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட ஒரு சிறு கரிய கல்லைப் பற்றி இவ்வினாக்கள் எழுந்து, அவற்றுள் இரண்டுக்கேனும் ஒருவாறு தக்க விடை காண்பதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சென்றன. அந்த ஐம்பது ஆண்டுகளில் அறிஞர் செய்த பிழைகளும் அப்பிழைகள் திருத்தப்பட்ட முறையும், வரலாறு பயிலும் மாணவர் அரசர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் கற்பதனிலும் மேலாகக் கற்கவேண்டியன என்பது எமது கருத்து.

இராவி ஆற்றின் பழைய கரையில், இன்று பாக்கித்தானுக்குரியதாகிய பஞ்சாபில், ஹரப்பா என்னும் ஊர் உளது. 1820களில் அவ்வழியே சென்ற சாள்ஸ் மேசன் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்த பெரிய மண்மேடுகளையும் இடிந்த செங்கற் சுவர்களையும் கண்டு, அலெக்சாந்தர் படையெடுப்பை எழுதிய கிரேக்கர் குறிப்பிடும் சங்கலா நகரமே இஃதென எண்ணினார். அவருக்குப் பின் 1853ஆம் ஆண்டிலும் 1856ஆம் ஆண்டிலும் அங்கு சென்றவர் அலெக்சாந்தர் கன்னிங்காம். பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையின் தலைவராகிய இவர், ஏழாம் நூற்றாண்டிற் பாரதநாட்டில் யாத்திரை செய்த யுவான் சுவாங் என்னும் சீனத் துறவியின் குறிப்புக்களைக் கையில் வைத்துக்கொண்டு, அத்துறவி கண்ட பௌத்த நகரங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றவர். ஹரப்பாவையும் அத்தகைய நகரங்களுள் ஒன்றென்றே அவர் கொண்டார். மேசன் கையில் கிரேக்க நூல் இருந்தது. கன்னிங்காம் கையிற் சீன நூல் இருந்தது. இருவரும் தத்தம் நூலிற் கண்டதையே மண்ணிலும் கண்டனர். இதில் நாம் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அறிந்த ஒன்றைக்கொண்டே அறியாத ஒன்றை அளக்கவேண்டியிருப்பது மக்கள் அறிவின் இயல்பு.

1872ஆம் ஆண்டிற்குரிய ஆய்வின்போது கன்னிங்காம் மீண்டும் ஹரப்பாவுக்குச் சென்றார். முன்பு கண்ட சுவர்களுள் பலவற்றை அப்போது அங்கே காணவில்லை. இலாகூருக்கும் மூல்தானுக்கும் இடையே புகையிரதப் பாதை அமைத்தோர், பாதையின் அடியில் நிரப்புவதற்கு அம்மேடுகளின் செங்கற்களையே அகழ்ந்து கொண்டுசென்றிருந்தனர். ஏறக்குறைய நூறு மைல் நீளப் பாதைக்கு அச்செங்கற்கள் போதியனவாயிருந்தன என அவர் தமது அறிக்கையில் எழுதினார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சூளையிற் சுட்ட செங்கல், புகையிரதத்தின் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக இருந்தமையே அந்நகரின் அழிவுக்குக் காரணமாயிற்று. மட்டமான செங்கலாக இருந்திருப்பின் ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்.

இவ்வழிவின் நடுவிலேதான் நாம் கூறவந்த கல் கிடைத்தது. மேசர் கிளார்க் என்பவர் அங்கே பெற்ற அம்முத்திரையைக் கன்னிங்காம் 1875ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையில் படத்துடன் வெளியிட்டார். மினுக்கம் இடப்படாத வழவழப்பான கரிய கல். அதில் எருது ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலே ஆறு எழுத்துக்கள். அவ்வெழுத்துக்கள் இந்திய எழுத்துக்கள் அல்ல. எருதுக்கு முதுகில் ஏரி இல்லை. ஆகவே முத்திரை இந்தியாவுக்கு அந்நியமானது என்பது அவர் முடிபு.

இம்முடிபைச் சற்று நின்று ஆராய்தல் பயனுடைத்து. கன்னிங்காம் கண்டதைக் கண்டவாறே எழுதினார். எழுத்துக்களைத் தாம் அறியாமையை ஒப்புக்கொண்டார். விலங்கின் உடலமைப்பையும் கூர்ந்து நோக்கினார். பிழை நேர்ந்தது நோக்கியதில் அன்று. நோக்கியதிலிருந்து முடிபுக்குத் தாவிய இடத்திலேயே நேர்ந்தது. “யான் அறியாத எழுத்து” என்பதற்கும் “இந்நாட்டுக்குரியதல்லாத எழுத்து” என்பதற்கும் இடையே பெரிய வெளியொன்று உண்டு. அவ்வெளியை அவர் ஓரடியிற் கடந்துவிட்டார். அந்நாளில் அசோகன் கல்வெட்டுக்களுக்கு முற்பட்ட எழுத்து எதுவும் இந்தியாவில் அறியப்படவில்லை. எனவே அசோகன் எழுத்தை ஒவ்வாதது அயல்நாட்டதாதல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஏரியில்லாத எருதைப் பற்றிய வாதமும் அத்தகையதே. பிற்காலத்தில் மொகஞ்சதாரோவில் அகழ்ந்தபோது, பெரிய ஏரியும் தொங்கும் அலைதாடியும் உடைய நாட்டெருது அதே வகை முத்திரைகளில் மிக அழகாகச் செதுக்கப்பட்டிருத்தல் காணப்பட்டது. ஒரே முத்திரையைக் கொண்டு ஒரு நாட்டின் எருதுகள் அனைத்தையும் பற்றித் தீர்ப்புக் கூறிய வாதம் அத்துடன் வீழ்ந்தது. கன்னிங்காம் தாமே சில ஆண்டுகளின் பின் தம் கருத்தை மாற்றி, அவ்வெழுத்துக்கள் பிராமியின் பழைய வடிவமாக இருத்தல் கூடும் எனக் கருதினார். இரண்டாவது கருத்தும் நிலைபெறவில்லையாயினும், அவர் தம் சொல்லையே பிடித்துக்கொண்டு நில்லாமை பாராட்டத்தக்கது.

ஹரப்பாவிற் கிடைத்த இத்தகைய முத்திரைகள் மூன்று பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. 1912ஆம் ஆண்டில் பிளீட் என்னும் கல்வெட்டறிஞர் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏனையோர் அவற்றைப் பொருட்படுத்தினாரல்லர். தனித்து நிற்கும் பொருள் எத்துணை அரியதாயினும், அது விந்தைப் பொருளாகவே கருதப்படும். சான்றாக மாறுவதற்கு அதற்குத் துணை வேண்டும்.

அதே காலத்தில் தெற்கே சிந்து மாகாணத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1911, 1912ஆம் ஆண்டளவில் தேவதத்த இராமகிருஷ்ண பந்தர்க்கர் என்னும் பேரறிஞர் மொகஞ்சதாரோ மேட்டைப் பார்வையிட்டார். அங்குள்ள செங்கற்கள் புதியன போன்று காணப்பட்டமையாலும், செதுக்கிய சுடுமண் ஓடுகள் கிடையாமையாலும், அவ்விடம் இருநூறு ஆண்டுப் பழமையே உடையது என அவர் எழுதிவிட்டார். உலகின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்றன்மேல் நின்றுகொண்டு இங்ஙனம் எழுதியவர் கல்வியறிவிற் குறைந்தவர் அல்லர். மேற்பரப்பைக் கண்டு காலத்தைக் கூறுதல் எவ்வளவு இடர்மிக்கது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேறு வேண்டியதில்லை.

1921ஆம் ஆண்டில் தயாராம் சாகினி ஹரப்பாவில் முறையாக அகழத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், அங்கிருந்து ஏறக்குறைய நானூறு மைல் தொலைவிலுள்ள மொகஞ்சதாரோவில் இராக்கல்தாஸ் பானர்ஜி அகழ்ந்தார். பானர்ஜி தேடிச் சென்றது அங்கு மேட்டின்மேல் நின்ற பௌத்த தூபியையே. தூபியும் அதனைச் சூழ்ந்த கட்டடங்களும் குஷாணர் காலத்தன. ஆனால் அதன் கீழும் அயலிலும் இருந்த படைகளிலிருந்து, தூபியோடு எவ்வாற்றானும் தொடர்புபடுத்த முடியாத முத்திரைகள் வெளிவந்தன. அவை ஹரப்பா முத்திரைகளை ஒத்திருத்தலை அவர் கண்டுகொண்டார். அவரையடுத்து மாதோ சரூப் வத்ஸ் மொகஞ்சதாரோவில் அகழ்ந்தபோது இவ்வொற்றுமை மேலும் உறுதிப்பட்டது. 1924ஆம் ஆண்டில் தொல்பொருட்டுறைத் தலைவர் சேர் யோன் மார்சல் ஈரிடத்துப் பொருள்களையும் ஒருங்கே வைத்து நோக்கினார். நானூறு மைல் இடையிட்ட இரு நகரங்களில் ஒரே எழுத்து, ஒரே விலங்குருவங்கள், ஒரே வகைக் கல், ஒரே வகை மட்பாண்டம், ஒரே வகைச் செங்கல். இஃது அயல்நாட்டு வணிகன் ஒருவன் வழியிற் போட்டுவிட்டுச் சென்ற முத்திரையன்று. ஒரு பெரிய நாட்டு மக்களின் நாட்பொருள் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆயினும் அதன் காலம் மார்சலுக்குத் தெரியவில்லை. மௌரியருக்கு முற்பட்டது என்ற அளவிலேயே அவர் துணிந்தார். 1924 செப்தெம்பர் 20ஆந் திகதி இலண்டனில் வெளிவரும் படப்பத்திரிகையொன்றில் முத்திரைகளின் படங்களை வெளியிட்டு, தம் துறையினர் கண்டதை உலகுக்கு அறிவித்தார். அடுத்த வாரமே விடை வந்தது. ஒக்ஸ்போர்ட்டிற் பேராசிரியராயிருந்த சேஸ் என்பார், ஈரானிலுள்ள சூசா நகரிற் கிடைத்த மிகப் பழைய களிமண் ஏடுகளோடு இவற்றை ஒப்பிட்டு, மார்சல் எண்ணியதற்கும் மிகப் பழைய காலத்தனவாதல் வேண்டும் என எழுதினார். அதற்கடுத்து, பிரித்தானிய நூதனசாலையினரான காட், சிட்னி சிமித் ஆகிய இருவரும் சுமேரியப் பொருள்களோடு ஒப்புமை காட்டினர். மெசொப்பொத்தேமியாவிற் கிஷ் என்னும் நகரில் அகழ்ந்துகொண்டிருந்த எர்னஸ்ட் மக்கே, தாம் அகழ்ந்த இடத்திலேயே இத்தகைய முத்திரையொன்று பிற்காலக் கோவிற் கட்டடத்தின் கீழிருந்து கிடைத்ததைத் தெரிவித்தார். அக்கட்டடத்தின் காலம் பாபிலோனிய அரசர் வரிசையினால் அறியப்பட்டது. கட்டடத்தின் அடியிற் கிடந்த முத்திரை அதனினும் முந்தியதாதல் ஒருதலை.

இவ்விடத்தில் நிகழ்ந்ததைக் கவனித்தல் வேண்டும். ஹரப்பாவில் எத்தனை முத்திரைகள் கிடைத்தாலும் அவற்றின் ஆண்டு தெரிந்திராது. அங்கே அரசர் வரிசை எழுதப்பட்ட ஏடு ஒன்றும் இல்லை. பாபிலோனிலும் ஊரிலும் அத்தகைய ஏடுகள் உண்டு. காலம் அறியப்பட்ட நாட்டின் மண்ணில், காலம் அறியப்படாத நாட்டின் பொருள் ஒன்று கிடைக்குமாயின், அந்நாட்டின் காலமும் அறியப்படும். இதற்குப் பின் காட் 1932ஆம் ஆண்டில், ஊர் நகரிற் கிடைத்த இந்தியப் பாணி முத்திரைகளைத் தொகுத்து வெளியிட்டார். அக்காலத்திலேயே தெல் அஸ்மார் என்னுமிடத்தில் அகழ்ந்த பிராங்போர்ட், அக்காடிய அரசர் காலத்து வீடொன்றில், யானையும் காண்டாமிருகமும் முதலையும் செதுக்கிய முத்திரை கண்டெடுத்தார். மெசொப்பொத்தேமியாவிற் காண்டாமிருகம் ஏது? சிந்துவெளியின் விலங்குகளே கல்லிற் பொறிக்கப்பட்டு அங்கே சென்றிருந்தன. அக்காடியர் காலம் கி.மு. 24ஆம் நூற்றாண்டை அடுத்துத் தொடங்குவது. மார்சல் தாம் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று பெருந்தொகுதிகளில் மொகஞ்சதாரோவின் காலத்தைக் கி.மு. 3250 முதல் 2750 வரை எனக் குறித்தார். பின்னர் கரியணுக் கணிப்பு முறை வந்தபின், நகர வாழ்வு சிறந்திருந்த காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை என அறிஞர் கொண்டனர். கன்னிங்காம் கையிற் பிடித்திருந்த கல், அவர் அறிந்திருந்த மிகப் பழைய இந்திய எழுத்துக்கும் ஈராயிரம் ஆண்டு முற்பட்டது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

இனி, அம்முத்திரை எத்தகைய பொருள் என்பதைச் சிறிது விரித்துக் கூறுவாம். பெரும்பாலானவை ஓரங்குல அளவுடைய சதுரக் கற்கள். கல் மாக்கல், நம் முன்னோர் சமையலுக்குக் கற்சட்டி செய்த மாக்கலின் இனத்தது. வெட்டியெடுத்த நிலையில் அது நகத்தாற் கீறத்தக்க மென்மை உடையது. சிந்துவெளிக் கம்மியன் அதனை வாளால் அறுத்து, பின்புறத்தில் ஒரு குமிழை விட்டுச் செதுக்கி, அக்குமிழில் நூல் கோப்பதற்குத் துளையிட்டான். முன்புறத்தில் விலங்கையும் எழுத்தையும் உளிநுனியாற் குடைந்தான். பின்னர் மேலே ஒருவகைக் காரப்பூச்சிட்டுச் சூளையிற் சுட்டான். சுட்ட பின் அது வெண்மையும் பளபளப்பும் பெற்று, கருவிக்கு எளிதில் இணங்காத கடினமும் பெறும். இவ்வெண்பூச்சு காலத்தாற் கழன்றும், மண்ணின் இயல்பாலும் நெருப்பாலும் மாறியும் போவதுண்டாகையால், ஒரே வகைக் கல் வெவ்வேறு நிறத்தில் நமக்குக் கிடைக்கின்றது. நிறத்தை மட்டும் கொண்டு கல்லின் இனத்தைச் சொல்லுதல் தவறு என்பதை, கல்லெடுத்துக் காட்டும் நண்பர்களுக்கு நாம் பன்முறை சொல்ல நேர்ந்ததுண்டு.

முத்திரையில் எழுத்துக்கள் இடவல மாற்றமாகச் செதுக்கப்பட்டன. களிமண்ணில் அழுத்தும்போதே அவை நேராக அமையும். ஆகவே கல்லைப் பார்த்துப் படி எடுப்போரும், அழுத்திய பதிவைப் பார்த்துப் படி எடுப்போரும் ஒருவர்க்கொருவர் மாறான வரிசையை எழுதிக்கொண்டு முரண்படுதல் கூடும். பதிவில் எழுத்து வலமிருந்து இடமாகச் சென்றதென்பது பல வழிகளால் நிறுவப்பட்டது. சில முத்திரைகளில் இடப்பக்கத்தை நெருங்க நெருங்க இடம் போதாமல் எழுத்துக்கள் ஒடுங்கி நிற்கின்றன. ஈரமண்ணிற் கீறிய ஓட்டுத்துண்டு ஒன்றில் ஓரெழுத்தின் கோட்டை அடுத்த எழுத்தின் கோடு வெட்டிச் செல்வதைக் கொண்டு, எது முன் எழுதப்பட்டது எது பின் எழுதப்பட்டது என்பதை பி. பி. லால் 1960களிற் காட்டினார். எழுத்தின் பொருளை அறியாமலே அதன் போக்கை அறிந்தது இங்ஙனம்.

முத்திரை எதற்குப் பயன்பட்டது என்னும் வினாவும் நெடுங்காலம் ஊகத்திலேயே நின்றது. தாயத்து என்றனர் சிலர். வழிபாட்டுப் பொருள் என்றனர் சிலர். குஜராத்திலுள்ள லோதல் என்னும் துறைமுக நகரை 1955ஆம் ஆண்டு முதல் எஸ். ஆர். ராவ் அகழ்ந்தபோது, பண்டகசாலையொன்று தீப்பற்றி எரிந்த இடத்தில் முத்திரை பதித்த களிமண் கட்டிகள் பல கிடைத்தன. நெருப்பிற் சுட்டு இறுகியமையால் அவை அழியாது நின்றன. அவற்றின் முன்புறத்தில் முத்திரைப் பதிவு. பின்புறத்திலோ துணியின் இழையும் கயிற்றின் முறுக்கும் பதிந்துள்ளன. பொதிகளைக் கயிற்றாற் கட்டி, முடிச்சின்மேற் களிமண் அப்பி, அதில் முத்திரை பதித்தனர் என்பது தெளிவு. இன்றைய வணிகர் சாக்கின்மேல் அடையாளம் இடுவதுபோன்ற செயலே அது. பொருளின் முகத்தைப் பார்த்து ஐம்பது பேர் ஊகித்ததை அதன் முதுகு ஒரு நாளில் உரைத்துவிட்டது.

எழுத்தைப் படித்தல் என்னும் பகுதிக்கு வரும்போது வரலாறு சற்றுத் துன்பம் தருவதாகின்றது. மார்சலின் அறிவிப்பு வெளிவந்த மறு ஆண்டிலேயே, வாடல் என்பவர் அவ்வெழுத்துக்களைச் சுமேரிய மொழியாகப் படித்துவிட்டதாக நூல் வெளியிட்டார். 1932ஆம் ஆண்டில் ஹெவெசி என்பவர், பசுபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஈஸ்டர் தீவின் மரப்பலகை எழுத்துக்களை இவற்றுக்கு அருகே வைத்து ஒற்றுமை காட்டினார். இரண்டுக்கும் இடையே பாதி உலகமும், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலமும் கிடக்கின்றன. மனிதன், மீன், கோல் முதலியவற்றை எவன் எங்கே வரைந்தாலும் ஓரளவு ஒத்தேயிருக்கும் என்பதை அவர் எண்ணினாரில்லை.

இவற்றினும் மோசமான ஒன்று நம் காலத்திலேயே நிகழ்ந்தது. சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாகக் கூறி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில், குதிரை பொறித்த முத்திரை எனப் படமொன்று காட்டப்பட்டிருந்தது. சிந்துவெளி முத்திரைகளிற் குதிரை இல்லாமை அந்நூலாசிரியர்களின் கொள்கைக்குத் தடையாக இருந்தது. அத்தடையை நீக்கவே அப்படம் வேண்டப்பட்டது. விற்சல், பார்மர் என்னும் இருவர் அதே முத்திரையின் பழைய ஒளிப்படங்களைத் தேடியெடுத்து, அது முன்பாதி உடைந்துபோன ஒற்றைக்கொம்பு எருது என்பதை அவ்வாண்டே காட்டினர். கன்னிங்காம் ஒரு நல்ல முத்திரையை நேர்மையாக நோக்கிப் பிழைபட்டார். இவர்களோ உடைந்த முத்திரையில் தாம் விரும்பியதைக் கண்டனர். இரண்டும் பிழையே, ஒரே தரத்துப் பிழை அல்ல.

பிறர் பிழைகளை இங்ஙனம் எண்ணிச் சொல்லும்போது நம்மவர் மனத்தில் ஓர் உவகை எழக்கூடும். அவ்வுவகைக்கு இடந்தராமல், நமக்கு உவப்பான கருத்தையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் முறையாகும். சிந்துவெளியார் மொழி திராவிட இனத்தது என்னும் கொள்கையை விரிவாக எழுதியவர் பம்பாயில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த ஹீராஸ் பாதிரியார். அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. மீன் வடிவெழுத்தை அவர் ‘மீன்’ என்றே படித்தார். அச்சொல் தமிழில் நீர்வாழ் மீனையும் விண்மீனையும் குறிப்பதாகலின், வானத்துப் பொருளைக் குறிக்க நீர்மீனை வரைந்தனர் என்றார். அவர் படித்த முழு வாசகங்களை இன்று ஏற்பார் இல்லை. இவ்வொரு கருத்தை மட்டும் பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பார்ப்போலா எடுத்து வளர்த்தார். ஆறு கோடுகளும் மீனும் சேர்ந்து வருவதைச் சங்க நூல்களில் வழங்கும் ‘அறுமீன்’ என்னும் கார்த்திகையோடும், ஏழு கோடுகளும் மீனும் சேர்ந்து வருவதை ‘எழுமீன்’ என்பதோடும் அவர் பொருத்திக் காட்டினார். மிக அழகிய விளக்கம். ஆயினும் ஆறு கோடும் மீனும் ஆறு மீன்களையே குறித்திருத்தலும் கூடுமன்றோ? பண்டகசாலைக்குரிய முத்திரையில் மீன் கணக்கு இருத்தல் வியப்பன்று. இவ்வையத்தை நீக்கும் சான்று இன்னும் கிடைக்கவில்லை. பலூசிஸ்தானத்தில் இன்றும் பேசப்படும் பிராகூய் திராவிட மொழியாதலும், எழுத்துச் சேர்க்கையின் இயல்பும் கொண்டு நோக்குவார்க்கு இக்கொள்கை ஏனைய கொள்கைகளினும் பொருந்துவதாகவே தோன்றும். எமக்கும் அவ்வாறே தோன்றுகின்றது. தோன்றுதல் வேறு, நிறுவப்படுதல் வேறு.

படிக்க இயலாமைக்குக் காரணம் அறிஞரின் குறையன்று. ஐராவதம் மகாதேவன் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில் 2906 வாசகங்களும் 417 குறிகளும் அடங்கின. வாசகம் ஒன்றுக்குச் சராசரி ஐந்து குறிகளே. பெயரும் பட்டமும் தவிர வேறெதனை ஐந்து குறியில் எழுதமுடியும்? எகிப்திய எழுத்தைப் படிப்பதற்கு, அறிந்த கிரேக்கமும் அறியாத எகிப்தும் ஒரே கல்லில் எழுதப்பட்ட உரொசெத்தாக் கல் 1799இல் அத்திவாரம் தோண்டும் வேலையில் அகப்பட்டது. சிந்துவெளிக்கு அத்தகைய இருமொழிக் கல் ஒன்றும் கிடைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு, இவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது. பரிசினால் முயற்சி பெருகும்; சான்று பெருகுமோ என்பது ஐயம்.

2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள செம்பியன் கண்டியூரில் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் நடுவதற்குக் குழி தோண்டியபோது, மெருகிட்ட கற்கோடரிகள் இரண்டு அகப்பட்டன. அவற்றுள் ஒன்றில் நான்கு குறிகள் கீறப்பட்டிருந்தன. அவர் அவற்றை எறிந்துவிடாது உரியவரிடம் சேர்ப்பித்தார். இச்செயலுக்கு எவ்வளவு நன்றி கூறினும் தகும். மகாதேவன் அக்குறிகளைச் சிந்துவெளிக் குறிகளென இனங்கண்டு, முதலிரண்டும் முருகன் என்னும் பெயரைத் தருவன என்றார். கல் தென்னாட்டுக் கல்லாதலின், வடக்கிருந்து வந்ததன்று எனவும் கூறினார். அவர் வாழ்நாள் முழுவதும் காத்த எச்சரிக்கையை அறிந்தவர்கள் அவர் சொல்லை எளிதில் தள்ளமாட்டார்கள். ஆனால் கோடரி கிடைத்தது மரக்கன்றுக் குழியில். அது எந்தப் படையிற் கிடந்தது, அருகே எவ்வகை ஓடு கிடந்தது, கரியேதும் இருந்ததா என்பன மண்வெட்டி விழுந்த கணத்திலேயே கலைந்துவிட்டன. கோடரி கற்காலத்ததாயினும் கீறல் பிற்காலத்ததாக இருக்கலாம் என்று ஒருவர் வினவினால், அதற்கு விடையளிக்கக்கூடிய மண் இப்போது அங்கே இல்லை. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், இத்தகைய பொருள் கண்டெடுப்போர் அதனை உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும் என விதித்திருப்பதன் காரணமும் இதுவே. சட்டம் கல்லைக் காப்பதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். கல்லைச் சூழ்ந்த மண்ணைக் காப்பதே பெரிதும் வேண்டப்படுவது.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க பொருளொன்று நம் குடாநாட்டிலேயே உண்டு. 1980ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமக்குழியொன்றை அகழ்ந்தபோது, புதைக்கப்பட்டவரின் தலைப்பக்கத்தில் சிறிய முத்திரையொன்று கிடைத்தது. பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் நடந்த அகழ்வு அது. முத்திரையில் இரண்டு வரிகள் உள்ளன. கீழ்வரி பிராமி எழுத்தில் மூன்றெழுத்து. ‘கோவேத’ எனப் படிக்கப்பட்டது. கோவேதன் எனவும் கோவேந்தன் எனவும் விளக்கினோர் உளர். எவ்வாறு கொள்ளினும் ‘கோ’ என்னும் தலைமைச் சொல் தெளிவாக நிற்கின்றது. மேல்வரியில் உள்ளவை எழுத்தல்ல. தென்னாட்டுப் பெருங்கற்கால மட்பாண்டங்களிற் காணப்படும் கீறற்குறிகளை ஒத்தவை. அக்கீறற் குறிகளுட் பெரும்பாலானவை சிந்துவெளிக் குறிகளை ஒத்திருத்தலை பி. பி. லால் 1960ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

ஆனைக்கோட்டை முத்திரை செம்பியன் கண்டியூர்க் கோடரிக்குக் கூறப்படும் காலத்தை நோக்க மிகவும் பிந்தியது; கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. ஆயினும் சான்றாக அதுவே வலிமை மிக்கது. எந்தக் குழியில், எந்த உடலின் அருகில், எவ்வகை மட்கலங்களுடன் கிடந்தது என்பது எழுதிவைக்கப்பட்டுள்ளது. படிக்கத்தக்க எழுத்தும் படிக்கத்தகாத குறியும் ஒரே முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழ்வரி கூறும் பெயரையே மேல்வரியும் தன் முறையிற் கூறுகின்றதா, அன்றி அது குலச் சின்னமோ தெய்வச் சின்னமோ மட்டுமா என்பதே இப்போதுள்ள வினா. மேல்வரியின் மூன்று குறிகளும் கீழ்வரியின் மூன்றெழுத்தும் எண்ணிக்கையில் ஒத்திருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். இத்தகைய ஈர்வரி முத்திரைகள் இன்னும் நாலைந்து, உரிய படைகளிலிருந்து கிடைக்குமாயின் ஒன்றையொன்று வைத்து ஒப்பிட்டு விடை காணல் கூடும். இதுவரை ஆனைக்கோட்டையிற் கிடைத்தது ஒன்றே.